‘வே’ என்று தொடங்கிய சொல்

நீலத் திரையில் சிவப்புக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் கல்யாணப் பெண் நின்றிருந்தாள். மருதாணி சிவந்த கையால் என் தோளைத் தொட்டு, “ராணிக்கா, செவப்பா வந்தா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டாள்.

“கெட்டதும்மா” என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அவளுடைய அத்தா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். அவர்கள் வீட்டில் தகப்பனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் கோபமா, அழுகையா, கெஞ்சலா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைய சிக்கலே அதுதான்.

திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு குறுகலான தெரு. தெருவை அடைத்துப் பந்தல். பகல் தொழுகையான லுஹர் முடிந்ததும் முனையிலிருக்கும் மஹாலில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் பழனியிலிருந்து வேன்களில் வந்து இறங்கிவிட்டார்கள். வீட்டுப் பின்புறம் பிரியாணிக்குச் சீரகச் சம்பா ஊறிக்கொண்டிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை அந்த அறை வரைக்கும் வந்தது.

நானும் விருந்தாளியாகப் போகவேண்டியவள்தான். ஆனால் காலையிலேயே கல்யாணப் பெண் நஸ்ரினே போன் செய்துவிட்டாள். “பட்டுச் சேலையெல்லாம் அப்பறம் கட்டிக்கலாம்க்கா. ஸ்க்ரூ டிரைவரோட வாங்க.”

வலது கட்டைவிரல்

நஸ்ரினின் அத்தா சிக்கந்தர் பாய் தோல் வியாபாரி. நல்ல நாளில் அவர் பேச்சைக் கேட்கவே மண்டியில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்களாம். பிறகு ஒரு நரம்பு நோய் வந்தது. முதலில் கால், அப்புறம் கை, அப்புறம் நாக்கு. நான் அவரைப் பார்த்தபோது வலது கட்டைவிரலில் மட்டும் ஒரு துளி அசைவு மிச்சமிருந்தது. புத்தி துல்லியம். காது அதைவிடத் துல்லியம்.

மறுவாழ்வு மையம் ஒன்றில் அவருக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரையும், அதற்குள் ஒரு மென்பொருளையும் கொடுத்திருந்தார்கள். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின்மேல் ஒரு வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்தின்மேல் வெளிச்சம் வரும்போது கட்டைவிரலுக்கு அடியிலுள்ள பொத்தானை அவர் அழுத்துவார். மெல்லிய அழுத்தம். நம் கண்ணுக்குத் தெரியாது; பொத்தானுக்குத் தெரியும்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு டீ ஆறிப்போகும். ஆனாலும் மனிதர் விடமாட்டார். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து நான் முதன்முதலாகத் திருப்பிக் கொண்டுபோய் வைத்த அன்று, வெகுநேரம் அழுத்தி அழுத்தி ஒரு வரி எழுதினார்: “தூசிய அங்கயே விட்டுட்டு வந்துட்டியா ஆத்தா, பாவம், நல்லாப் பழகுன தூசி.” அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நான் ராணிக்கா ஆகிவிட்டேன்.

“இன்னுமா?”

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர் சென்ற வாரம் என் பழுது பார்க்கும் கடைக்கே வந்து கேட்டார்: “இன்னுமா இந்தப் பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளைக் கட்டிக்கிட்டு அழறீங்க? புதுசு வாங்கச் சொல்ல வேண்டியதுதான?”

நியாயமான கேள்வி. ஆயக்குடியில் ஒரு கொய்யா வியாபாரியின் எடைமேடை ஒரு பழைய பெட்டியோடுதான் பேசும். புதியதை வைத்தால் ஊமையாகிவிடும். பழனியில் ஒரு லாட்ஜ்காரர், “ஏனுங்க, பெட்டி பழசுதானுங்க, ஆனா என்ற அறைச் சாவியெல்லாம் அதுக்குத்தானுங்க தெரியும்” என்பார். பெட்டியை மாற்றுவது சுலபம். அதை நம்பி நிற்கும் காரியத்தை மாற்றுவதுதான் கஷ்டம்.

சிக்கந்தர் பாயின் பொத்தானும் அப்படித்தான். அதன் கம்பி, பழைய பிரிண்டர்களுக்கென்று பெட்டியின் பின்னால் இருந்த அகலமான துளையில் போய்ச் சொருகும். மென்பொருளின் உரிமத்தைச் சரிபார்க்கும் சின்னச் சாவிக்கட்டையும் அதே துளையில்தான், கம்பிக்கும் துளைக்கும் நடுவில். இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே கிடையாது.

ஆசையாகச் செய்த காரியம்

கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தான் ரியாஸ். சிக்கந்தர் பாயின் தங்கை மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாமா மேல் உயிர். வெளிச்சம் தடுமாறித் தடுமாறி நகர்வதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. பெரிய ரேம் ஒன்றைத் தேடி வாங்கி வந்து, பழையதன் பக்கத்தில் சொருகினான். கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசை மாதிரிதான் ரேம். மேசை பெரிதானால் வேலை வேகமாக நடக்கும். அவன் எண்ணியதில் தப்பில்லை.

ஆனால் பழைய போர்டு அவ்வளவு பெரிய ரேமை முழுதாகப் புரிந்துகொள்ளாது. ஓடுவது போல ஓடும், திடீரென்று உறைந்துவிடும். உறைந்தது. அவன் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். கடைசியில் திரையே வரவில்லை.

“கல்யாணம் முடியட்டும், ராணிக்காவைக் கூப்பிட்டுக்கலாம்” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கல்யாண வீட்டில் யாருக்கு நேரம்? அதனால் அந்தச் சில நாட்கள் அவருக்குப் பேச்சில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அவர் கஞ்சியை விழுங்க மறுத்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தபடி இருந்தது. விடிந்ததும் அவருடைய தம்பி இப்ராஹிம் வந்து கட்டிலருகே குனிந்தார். பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பு தகப்பனுக்கு. அந்தப் பொறுப்பாளரை ‘வலி’ என்பார்கள்.

“அண்ணே, நிக்காஹ்வுக்குச் சம்மதந்தான?”

அந்தச் சத்தம் வந்தது.

“வேணாங்கிறீகளா?”

அதே சத்தம்.

ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்தார்கள். எழுத்துகளைத் தாளில் எழுதிக் காட்டினார்கள். நோய் இமையையும் விட்டுவைக்கவில்லை. அது தன்பாட்டுக்குத் துடிக்கும். எந்தத் துடிப்பு பதில், எந்தத் துடிப்பு நோய் என்று பிரிக்க முடியவில்லை. ரியாஸ் தன் போனில் என்னென்னவோ இறக்கிப் பார்த்தான். கட்டைவிரலின் அந்தத் துளி அசைவு போனுக்குப் போதவில்லை.

“அண்ணனுக்கு முடியலன்னா நான் வலியா நின்னுக்கிறேன். மார்க்கத்துல இடமிருக்கு” என்றார் இப்ராஹிம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாசலில் ஊரே வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் நஸ்ரின் சொல்லியிருக்கிறாள்: “அத்தா என்ன சொல்ல வாராகன்னு தெரியாம நான் சம்மதம் சொல்ல மாட்டேன் சின்னத்தா.”

சேவுகம்பட்டிப் பெட்டி

மறுபடியும் அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு வருகிறேன்.

ரேமைச் சோதிக்கும் ஒரு சிறு நிரலை எப்போதும் சிடியில் வைத்திருப்பேன். இந்தப் பழசுகள் பென் டிரைவிலிருந்து கிளம்பாது. பெரிய ரேமை மட்டும் போட்டபோது திரை உயிர்பெற்றது, ஆனால் சிவப்பு வந்தது. எதிர்பார்த்ததுதான். அதைக் கழற்றிவிட்டுப் பழைய ரேமை மட்டும் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

பழையதும் சிவப்பாகவே கொட்டியது. கழற்றி மாட்டிய அவசரத்தில் அது அடிபட்டிருந்தது. ரப்பரால் தேய்த்தேன், அடுத்த துளையில் மாற்றினேன். சிவப்பு நிற்கவில்லை.

கடையில் ரேம் நிறையக் கிடக்கிறது. எல்லாம் இதற்குப் பிந்திய வகை. ஒவ்வொரு வகைக்கும் கீழ் விளிம்பில் வெட்டு ஒவ்வோர் இடத்தில் இருக்கும். வெட்டு பொருந்தாவிட்டால் துளைக்குள் இறங்காது. இந்தக் காலத்து ரேம் இப்போது எங்கே கிடைக்கும்?

ஒரே ஓர் இடம் ஞாபகம் வந்தது. சேவுகம்பட்டிப் பூ வியாபாரி ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் எடுத்துப் போகாத பெட்டி. அவர் பொருளை அவரைக் கேட்காமல் எப்படித் தொடுவது? போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

“கல்யாண வீடா? அட எதைய வேணாலும் கழட்டிக்க ஆத்தா. இதுக்குப் போயி கேட்டுக்கிட்டு இருக்க!”

ரியாஸ் என் கடைச் சாவியை வாங்கிக்கொண்டு பைக்கில் பறந்தான். காலையிலிருந்து யாரும் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே அவனைத் தின்றுகொண்டிருந்தது. கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். கையில் ஒரு ரேம்.

“இதாக்கா?”

“திருப்பு. கீழ வெட்டு எங்க இருக்கு? இன்னும் கிட்டக் காட்டு... ஆமா, அதேதான். விளிம்ப மட்டும் பிடிச்சுக்க. பாக்கெட்ல போட்றாத.”

அவன் திரும்பி வருவதற்குள் இப்ராஹிம் பலமுறை அறைவாசலுக்கு வந்து நின்றுவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும், “செத்த நேரம் இருங்கண்ணே” என்று சொல்வது மட்டுமே என்னால் முடிந்தது.

அந்த ரேமைச் சொருகினேன். கிளிப்புகள் இரண்டும் ‘டக்’கென்று பிடித்தன. சோதனை ஓடியது. திரை நீலமாகவே இருந்தது. சிவப்பில்லை. நஸ்ரினின் அம்மா ஜமீலா வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று இறைவனுக்கு நன்றி சொன்னார்.

அவசரப்பட்டுவிட்டோம்.

சாவி காணோம்

மென்பொருளைத் திறந்ததும், உரிமச் சாவியைக் காணவில்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு எழுந்து நின்றது.

பின்னால் எட்டிப் பார்த்தேன். சாவிக்கட்டை இருந்த இடத்தில்தான் இருந்தது. பிடுங்கி மாட்டினேன். காணவில்லை. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று கை துறுதுறுத்தது. ஏற்றும்போது வேறெதாவது போய்விட்டால்? அவருடைய எழுத்து அமைப்பு முழுவதும் அதற்குள் இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். வாசலில் ஆண்கள் எழுந்து தொழப்போகும் சலசலப்பு. சிக்கந்தர் பாயின் கண்கள் என்மேலேயே இருந்தன. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“ரியாசு, நீ கழட்டுனப்ப என்னென்ன செஞ்ச? ஒண்ணுவிடாம சொல்லு.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னான். “...அப்பறம் அந்த ரவுண்டு பேட்டரியக் கழட்டி, கொஞ்சம் விட்டு மாட்டுனேங்க்கா. ரீசெட் ஆகட்டும்னு.”

சிக்கல் பிடிபட்டது. அந்த வட்டப் பேட்டரியைக் கழற்றினால், பெட்டியின் அடிப்படை அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குப் போய்விடும். பிரிண்டர் துளை எந்த முறையில் பேசவேண்டும் என்பதும் அதில் ஒன்று. சாவி இருக்கிறது. பெட்டிதான் அதனிடம் வேறு மொழியில் பேசிக்கொண்டிருக்கிறது.

அமைப்புக்குள் போய் ஒரு முறையைத் தேர்ந்தேன். அணைத்து, எழுப்பினேன். காணவில்லை. அடுத்த முறை. அணைத்து, எழுப்பினேன். அந்தப் பெட்டி எழுந்திருக்கும் நேரம் எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அது விடிய விடிய எழுந்தது மாதிரி இருந்தது. ரியாஸ் சுவரில் தலையை முட்டுக் கொடுத்து நின்றான்.

மூன்றாவது முறையில் எழுத்து வரிசைகள் திரையில் விரிந்தன. வெளிச்சம் நகர ஆரம்பித்தது.

அந்த எழுத்து

நஸ்ரின் அத்தாவின் கட்டைவிரலடியில் பொத்தானை வைத்தாள். “சொல்லுங்கத்தா” என்றாள்.

இப்ராஹிம் வந்தார். ஜமீலா வந்தார். வெளிச்சம் வரிசைகளைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. ஒரு ‘டிக்’. திரையின் மேலே ஓர் எழுத்து விழுந்தது.

வே.

“யா அல்லாஹ்” என்று ஜமீலா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார். இப்ராஹிம் நெற்றியில் கை வைத்தார். “வேண்டாங்கிறாரு. இம்புட்டு ஏற்பாடும் பண்ணி, வாசல்ல சனம் நிக்கையில...”

“முடிக்கட்டும் சின்னத்தா” என்றாள் நஸ்ரின்.

வெளிச்சம் மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. வரிசை வரிசையாக இறங்கியது. நின்றது. டிக்.

வேலை.

அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம். ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஒவ்வோர் எழுத்தாக விழுந்து, கடைசியில் திரையில் இப்படி நின்றது:

“வேலைய விடச் சொல்வாங்க. நிக்காஹ் முடிஞ்சதும். என் முன்னாடி பேசினாங்க. மாப்பிள்ளைக்குத் தெரியுமா கேளு.”

நஸ்ரின் இங்கே ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். பழனிக்குப் போனாலும் வேலையைத் தொடர்வாள் என்று பேசித்தான் சம்பந்தம் முடிந்தது. முந்தின நாள் மாப்பிள்ளையின் அம்மாவும் உறவுக்காரப் பெண்களும் நோயாளியை நலம் விசாரிக்க வந்திருக்கிறார்கள். ஜமீலா டீ போட எழுந்து போன நேரத்தில், கட்டிலருகே உட்கார்ந்து தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள். பேச முடியாதவருக்குக் காதும் கேட்காது என்று எண்ணினார்களோ, கேட்டாலும் யாரிடம் சொல்லப்போகிறார் என்று எண்ணினார்களோ.

சம்மதமா என்று கேட்டதற்கும், வேண்டாமா என்று கேட்டதற்கும் அவரிடம் பதில் இல்லை. அவர் வைத்திருந்தது ஒரு கேள்வி.

மாப்பிள்ளை வந்தார்

“அவரைக் கூப்பிடுங்க” என்றாள் நஸ்ரின்.

“ஏம்மா, நிக்காஹ்வுக்கு முந்தி மாப்பிள்ளைய வீட்டுக்குள்ள...” என்று இப்ராஹிம் இழுத்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை ஆரிப் கழுத்தில் மாலையோடு வந்தார். கூடவே அவருடைய அம்மா. திரையைப் படித்ததும் ஆரிப்பின் காது மடல் சிவந்தது.

“தெரியுமா?” என்று கேட்டாள் நஸ்ரின்.

“அம்மா சொன்னாங்க. நான் சரின்னும் சொல்லலைங்க. வேணாம்னும் சொல்லலைங்க.”

“அப்ப நான் எதைன்னு எடுத்துக்கிறது?”

அந்த அம்மா குறுக்கிட்டார். “ஏனுங்க, இதெல்லாம் இப்பப் பேசற பேச்சுங்களா? எனக்கு முட்டி தேஞ்சு போச்சுங்க. ஒத்தையா வீட்டுல கெடக்கறேன். கூட ஒரு ஆளு வேணும்னு நெனச்சது தப்புங்களா?”

“தப்பில்ல மாமி. என்கிட்டச் சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்.” நஸ்ரின் அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்கத்தாவால திருப்பிச் சொல்ல முடியாதுன்னுதான அவுக முன்னாடி பேசுனீங்க?”

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆரிப் திரையை மறுபடி படித்தார். “அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணுங்க” என்றார். “அவங்க வேலைக்குப் போகட்டும். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வெச்சுக்கறேன். நானும் இருக்கேன்.”

“இங்க சொன்னாப் பத்தாது” என்றாள் நஸ்ரின். “மஹால்ல, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

அவர் வெளியேறினார். அம்மாவும் பின்னாலேயே நடந்தார்.

போனவர் மஹாலுக்குப் போகிறாரா, ஊருக்கே திரும்புகிறாரா என்று தெரியாது. வாசலில் வேன் ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது. ஜமீலா என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் பதிந்துவிட்டது. ரியாஸ் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். தண்ணீர் லாரிக்கு வழிவிட வேனை நகர்த்துகிறார்கள். அதன் பிறகும் வெகுநேரம் யாரும் வரவில்லை. பின்புறத்தில் தம் போட்ட பிரியாணியை இறக்குவதா, விடுவதா என்று சமையல்காரர் இருமுறை ஆளனுப்பிக் கேட்டார்.

ஹஜ்ரத் காத்திருந்தார்

நிக்காஹ் நடத்திவைக்கும் மார்க்க அறிஞரான ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்தார். மஹாலில் மைக்கைப் பிடித்து ஆரிப் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்களாம். சிலர் எழுந்து போகப் பார்த்தார்களாம். அந்த அம்மாதான் பெண்கள் பக்கத்திலிருந்து, “எம் மவன் சொன்னா சொன்னதுதானுங்க” என்று குரல் கொடுத்தாராம்.

நஸ்ரின் இப்போது பழனியில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். மாமியாரை அவ்வப்போது முட்டி வைத்தியத்துக்குத் திண்டுக்கல் அழைத்து வருகிறாள். இரண்டு பேரும் சண்டையும் போடுகிறார்கள் என்று கேள்வி. அந்தப் பெட்டிக்கு மாற்றாக ஒன்றை ரியாஸும் நானும் தேடிக்கொண்டிருக்கிறோம். பொருத்திப் பார்க்காமல் எதையும் சொருகுவதில்லை.

ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முன்னால் வந்து நிற்பது இதெல்லாம் இல்லை.

ஹஜ்ரத் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மகளை ஆரிப்புக்கு நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா என்று முறைப்படி கேட்டார். சிக்கந்தர் பாய் முதலில் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். வெளிச்சம் நகர ஆரம்பித்தது.

ச.

“போதும் ஹஜ்ரத், சம்மதங்கிறாரு” என்றார் இப்ராஹிம். மஹாலில் பசியோடு ஊரே காத்திருந்தது.

ஹஜ்ரத் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். “முழுசாச் சொல்லட்டும். இன்னைக்கு அவரு பேச்சுதான்.”

எல்லோரும் நின்றோம். வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாகச் சுற்றி வந்தது. ‘ம்’ விழுந்தது. ‘ம’ விழுந்தது. ‘த’வுக்கு விரல் ஒருமுறை தவறியது, வெளிச்சம் மறுபடி மேலிருந்து கிளம்பியது.

கடைசி ‘ம்’ திரையில் விழுந்த பிறகுதான் ஹஜ்ரத் நாற்காலியை விட்டு எழுந்தார்.